முதல் வேட்டை ரைஃபிள் வாங்கப் போறவங்க மொதல்ல தோட்டா அலமாரியப் பாருங்க

போன மாசம் தென்னாப்பிரிக்கா ஜோபர்க்ல இருந்து, அதாவது ஜோகன்னஸ்பர்க், ஒரு தம்பி போன் பண்ணான். பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) வந்துடுச்சாம், கூட வேலை பாக்குறவங்க எல்லாம் குளிர் காலம் ஆரம்பிச்சா வேட்டைக்குக் கிளம்பிடுறாங்களாம், "அண்ணே, நானும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன், விலை கம்மியா எது நல்லது, எந்த கேலிபர்"னு கேட்டான். போல்ட் ஆக்‌ஷன்னா ஒவ்வொரு தடவையும் போல்ட்டக் கையால இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவ ஏத்துற ரைஃபிள், கேலிபர்னா தோட்டாவோட அளவு, வகை. நான் திருப்பி மூணு கேள்வி கேட்டேன். எதைச் சுடப் போற? எவ்வளவு தூரத்துல? உன் வீட்டுப் பக்கத்துக் கடையில எந்தத் தோட்டா எப்பப் போனாலும் இருக்கும்? மூணுக்கும் பதில் இல்ல, ஆனா எந்த ரைஃபிள்னு மட்டும் யூடியூப் பாத்து முடிவே பண்ணி வச்சிருந்தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அதனால திட்ட மனசு வரல. அவனுக்குப் போன்ல ஒன்றரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்க பதறாதீங்க. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் மானைத் தொட்டா ஜெயில், சரிதான். தென்னாப்பிரிக்காவுல கதை வேற, இங்க வேலி போட்ட தனியார் பண்ணைகள்ல இருக்கிற மான், காட்டுமாடு (வில்டபீஸ்ட்) எல்லாம் பண்ணைக்காரரோட சொத்துன்னு 1991ல சட்டமே இருக்கு, அவரு மழை எவ்வளவு, புல் எவ்வளவுன்னு பாத்து இந்த வருசம் இத்தனைதான் எடுக்கலாம்னு கணக்கு வச்சு விக்கிறாரு. கொம்புக்காக வர்ற வெளிநாட்டு ஆளுங்க டாலர்ல குடுப்பாங்க. நம்மள மாதிரி ஆளுங்க போறது கறிக்கு, பில்டாங் வேட்டைன்னு சொல்லுவாங்க (பில்டாங்னா மசாலா போட்டுக் காயவச்ச கறி), பெரும்பாலும் பெட்டை மான், கொம்பு சரியில்லாத கிடா, அதுதான் நம்ம பட்ஜெட்டு.

சட்டத்த சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா கடைக்குப் போறதுக்கு முன்னாடியே இது முடிஞ்சிருக்கணும். 2000ம் வருசத்து ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட் 60 தான் எல்லாத்துக்கும் அடிப்படை. 21 வயசு ஆகியிருக்கணும், குடிமகனாவோ பிஆர் உள்ளவராவோ இருக்கணும், வொர்க் பெர்மிட்ல இருக்கிறவங்களுக்குக் கிடைக்காது. மொதல்ல டிரெய்னிங், பரீட்சை, அப்புறம் போலீஸ்கிட்ட காம்பிடன்சி சர்டிபிகேட், அதாவது துப்பாக்கி வச்சுக்கத் தகுதி இருக்குன்ற சான்றிதழ், அதுக்கப்புறம் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனி லைசென்ஸ். சும்மா வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வேட்டைக்குப் போறவங்களுக்கு செக்‌ஷன் 15, ஏதாவது வேட்டை சங்கத்துல சேந்து டெடிகேட்டட் ஹன்டர் அந்தஸ்து வாங்கினவங்களுக்கு செக்‌ஷன் 16, ரெண்டுமே 10 வருசத்துக்கு. செக்‌ஷன் 15ல இருந்தா ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல வீட்டுல வச்சிருக்கக் கூடாது. செவுத்துலயோ தரையிலயோ போல்ட் போட்டு இறுக்கின சேஃப் வேணும், அதைப் பாக்கறதுக்குப் போலீஸ் வீட்டுக்கே வரலாம். நீங்க காசு கட்டினாலும் லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ரைஃபிள் கடைக்காரர் சேஃப்லதான் தூங்கும், மாசக்கணக்கா தூங்கும், பழகிக்கோங்க. அந்த மாசங்கள எப்படிப் பயன்படுத்தணும்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப என் கதை. நான் வாங்கின முதல் ரைஃபிள் .300 வின்செஸ்டர் மேக்னம். கடையில நின்னவரு "இது ஒண்ணு இருந்தா போதும் சார், சின்ன மான்ல இருந்து ஈலண்ட் வரைக்கும்"னு சொன்னாரு (ஈலண்ட்னா மாடு சைஸுல இருக்கிற பெரிய மான்), பேரே கெத்தா இருந்துச்சு, வாங்கிட்டேன். ரேஞ்சுல, அதான் சுட்டுப் பழகுற மைதானத்துல, மொத அஞ்சு தோட்டா சுட்டதும் தோள்பட்டை வலி, பத்தாவதுல இருந்து ட்ரிக்கர அமுத்துறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடுது, தோள் முன்னாடி போகுது, குறி தவறுது. இதை இங்க ஃபிளின்ச்னு சொல்றாங்க. ஒரு தடவை இந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா பேய் மாதிரி, ஓட்டுறது கஷ்டம். முதல் வேட்டையில 90 மீட்டர்ல நின்ன இம்பாலாவ வயித்துல அடிச்சுட்டேன், அது ஓடிப் போயி, டிராக்கர் பையன் ரெண்டரை மணி நேரம் ரத்தத்தத் தேடித்தான் கண்டுபிடிச்சான். அன்னைக்கு அந்த மான் பட்ட பாடு முழுக்க என் பந்தாவால வந்தது. ஆறு மாசத்துல நஷ்டத்துக்கு வித்தேன், அந்தக் காசுல ரெண்டு நல்ல ஸ்கோப் (குறி பாக்க ரைஃபிள் மேல மாட்டுற தொலைநோக்கி) வாங்கியிருக்கலாம்.

அப்புறம்தான் டர்பனுக்கு வடக்க டோங்காட்ல இருக்கிற ஒரு அண்ணன் பழக்கமானாரு. அவரு கொள்ளுத்தாத்தா கரும்புக்கு வந்த கப்பல்ல வந்தவரு, மொத கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 டர்பன்ல வந்து நின்னுச்சுல்ல, அதுக்குச் சில வருசம் கழிச்சு. அண்ணனுக்குத் தமிழ் "தம்பி, சாப்டியா, வா, போ" அவ்வளவுதான், மீதி இங்கிலீஷ்தான், ஆனா புரட்டாசி மாசம் முட்டை கூட தொடமாட்டாரு. கரும்புத் தோட்டத்துல இறங்குற காட்டுப்பன்னிய சின்ன வயசுல இருந்து அடிச்ச கை. அவரு எனக்குச் சொன்ன மொத பாடம், "நீ ரைஃபிள ஒரு தடவை வாங்குவ தம்பி, தோட்டாவ சாகுற வரைக்கும் வாங்கணும்". எந்தக் கேலிபர் நல்லதுன்னு புத்தகத்தத் தொறக்காதே, உன் ஊர் கடைக்கு ஒரு மூணு தடவை வேற வேற மாசத்துல போ, அலமாரியில எந்தப் பெட்டி எப்பவும் இருக்கு, எதுக்கு "அடுத்த வாரம் வரும்"னு சொல்றாங்கன்னு பாருன்னாரு. போய்ப் பாத்தேன். எப்பப் போனாலும் இருந்தது .308, .223, .30-06, .243, இப்போ சமீபமா 6.5 க்ரீட்மூர். மத்ததெல்லாம் இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்ல. இந்த நாட்டு பிஎம்பி தோட்டா, பிரிட்டோரியாவுல செய்யிறது, விலை கம்மி, ஆனா அதுவும் எப்பவும் கிடைக்கும்னு நம்பி உக்காரக் கூடாது, செக் நாட்டு செல்லியர் பெல்லோட், செர்பியாவோட பிபியூ ரெண்டும் நடுத்தர விலையில கிடைக்கும்.

அதனால வரிசை இதுதான். மொதல்ல மிருகம், அப்புறம் தூரம், அப்புறம் தோட்டா, கடைசியா ரைஃபிள்.

மிருகம்னா, க்வாசூலு நடால்ல நம்ம பக்கம் இருக்கிறவங்க அதிகமா சுடுறது இம்பாலா, அது 50, 60 கிலோ வரும். வார்ட்ஹாக் அதே எடை, சிலது கூட. மிட்லாண்ட்ஸ் பக்கம் போனா பிளெஸ்பாக், 70 கிலோ சொச்சம். காரூ போனா ஸ்ப்ரிங்பாக், 35, 40 கிலோதான். இதுக்கு மேல நயாலா, அதுக்கு மேல காட்டுமாடு, அதாவது வில்டபீஸ்ட், கிடா 250 கிலோவத் தொடும், அடி வாங்கினாலும் ஓடுற ஜாதி. கூடுன்னு ஒரு மான், அதுவும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஈலண்ட் 600, 700 கிலோ. எருமை, சிங்கம் எல்லாம் இந்தக் கட்டுரைக்கே வெளிய, அதுக்கு .375ல இருந்துதான் பேச்சே ஆரம்பிக்கும், அந்தப் பணம் நம்மகிட்ட இல்ல.

தூரம் ரொம்ப முக்கியம், ஆனா யாரும் யோசிக்கிறதில்ல. எம்குசே, போங்கோலா பக்கம் முள்ளுக்காடு, நீங்க சுடுறது 60ல இருந்து 120 மீட்டர், அதுவும் செடி இடுக்குல. அங்க 500 மீட்டர் போற கேலிபர் வாங்கி என்ன பண்ணப் போறீங்க? காரூவுல தலைகீழ், மொட்ட வெளி, ஸ்ப்ரிங்பாக் உங்களப் பாத்ததும் 200க்கு அந்தப் பக்கம் போய் நின்னு வேடிக்கை பாக்கும், காத்து வேற அடிக்கும். ஒரு விசயம், கனமான குண்டு செடி கொடியைக் கிழிச்சுக்கிட்டு நேரா போகும்னு பண்ணைகள்ல நிறைய பேரு சத்தியம் பண்ணுவாங்க. நம்பாதீங்க. எந்தக் குண்டும் கிளையில பட்டா திசை மாறத்தான் செய்யும், இடைவெளி கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கணும், இல்ல சுடக் கூடாது.

இப்ப கேலிபருக்கு வருவோம். நான் ஒரே ஒரு பேரு சொல்லணும்னா .308. வின்செஸ்டர் கம்பெனி 1952ல கொண்டு வந்தது, ராணுவத்துல 7.62x51ன்னு சொல்றாங்களே அதோட உடன்பிறப்பு, தென்னாப்பிரிக்க ராணுவம் வச்சிருந்த ஆர்1 துப்பாக்கியும் அந்த 7.62 தான், அதனால இந்த நாட்டுல இதுக்குத் தோட்டா, சுட்ட தோட்டாவோட காலிக் கூடு, அதுல நாமளே மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புற ரீலோடிங் சாமான் எல்லாம் மூலைமுடுக்கெல்லாம் இருக்கு. 150 க்ரெயின் (குண்டோட எடை அளவு) குண்டு நொடிக்கு 2800 அடி வேகம் சுமாரா, இம்பாலா, பிளெஸ்பாக், ஸ்ப்ரிங்பாக் எல்லாத்துக்கும் ஆகும். 180 க்ரெயின் போட்டா 2600 கிட்ட, முள்ளுக்காட்டுல கூடு மான், காட்டுமாடு வரைக்கும் தைரியமா போகலாம். சுடும்போது தோள்ல விழுற உதை மிதமா இருக்கும், ஒரு நாள்ல 20, 25 தோட்டா சுட்டாலும் சாயங்காலம் தோள் கெஞ்சாது. பேரல் 20 இன்ச் போதும், போல்ட் ஓடுற பாகமும் சின்னது, அதாவது சின்ன ஆக்‌ஷன். பந்தா கிடையாது, டொயோட்டா கொரோலா மாதிரி. கொரோலா வாங்கி யாரும் அழுததா நான் பாத்ததில்ல.

.30-06, தர்ட்டி ஆட் சிக்ஸ்னு சொல்லுவாங்க, 1906ல வந்தது, .308க்கு அண்ணன். அதே குண்டை நொடிக்கு ஒரு நூறு அடி வேகமா தள்ளும், கனமான 200, 220 க்ரெயின் குண்டுகளுக்கு இடம் அதிகம், அதனால ஈலண்ட் ஆசை இருக்கிறவங்களுக்கு இது மேல். உதை கொஞ்சம் கூட, ஆக்‌ஷன் நீளம் கூட, போல்ட்ட முழுசா பின்னாடி இழுக்கணும், பாதி இழுத்துத் தள்ளினா அடுத்த தோட்டா ஏறாது, பதட்டத்துல இது நடக்கும். டோங்காட் அண்ணன்கிட்ட இருக்கிறது அவங்க அப்பாவோட .30-06, அப்பா போனதும் அது தானா இவர் பேருக்கு வந்துடல, இவரும் காம்பிடன்சி, லைசென்ஸ் எல்லாம் எடுத்துத்தான் வாங்கினாரு. புதுசா எடுக்கிறவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல மண்டைய ஒடச்சுக்க வேண்டாம், எது நல்ல விலைக்கு நல்ல நிலையில கிடைக்குதோ அது.

.243, 1955ல .308ஓட கூட்டையே கழுத்தச் சுருக்கிச் செஞ்சது. உதை பூ மாதிரி. வீட்டம்மாவோ காலேஜ் போற பொண்ணோ கூட சுடப் போறாங்கன்னா இதுதான். 100 க்ரெயின் குண்டு, ஸ்ப்ரிங்பாக், இம்பாலா, பிளெஸ்பாக், அவ்வளவுதான். "என் மச்சான் இதுலயே கூடு மான் அடிச்சான்"னு ஒருத்தரு வருவாரு, அடிச்சிருப்பாரு, ஆனா அவரு அடிச்சும் கிடைக்காம போன கூடு மான் பத்தி சொல்லமாட்டாரு.

.270 1925ல இருந்து இருக்கு, 130 க்ரெயின் குண்டு 3000 அடிக்கு மேல பறக்கும், காரூ மாதிரி வெட்டவெளிக்கு அருமை. ஆனா கிட்டத்துல 50 மீட்டர்ல சாதாரண சாஃப்ட் பாயிண்ட் (முனையில ஈயம் வெளிய தெரியுற) குண்டால தோள்ல அடிச்சீங்கன்னா அந்தப் பக்கத் தோள் முழுக்க ரத்தக்கட்டி, கறிக்குத்தானே போறோம், பாதி நாய்க்குப் போயிடும். 6.5 க்ரீட்மூர் ஹார்னடி கம்பெனி 2007ல கொண்டு வந்தது, உதை கம்மி, காத்துல கம்மியா விலகும், நல்ல கேலிபர்தான், இளவட்டங்க எல்லாம் இதுக்குத்தான் போறாங்க. நான் குறை சொல்ல மாட்டேன். சின்னக் கடைகள்ல .308க்கு இருக்கிற அளவு தோட்டா வகை இதுக்கு இல்ல, அதை மட்டும் யோசிச்சுக்கோங்க.

7x57 மவுசர் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போக மனசு கேக்கல. போயர் போர்ல, 1899ல இருந்து 1902 வரைக்கும், போயர்காரங்க கையில இருந்தது இதுதான். ஸ்பியான் காப் மலையில இந்தத் துப்பாக்கிகளுக்கு எதிர்லதான் காந்தி சேத்த இந்திய ஆம்புலன்ஸ் படை, ஆயிரத்துச் சொச்சம் பேரு, அதுல கரும்புக்காட்டுக் கூலியா வந்த நம்ம ஆளுங்களும் உண்டு, அடிபட்டவங்கள ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கிட்டு நடந்தாங்க. லேடிஸ்மித் பக்கம் போனா அந்த மலையில ஏறிப் பாருங்க. கேலிபர் இன்னைக்கும் அருமையானது, உதை கம்மி, கூடு மான் வரைக்கும் ஆகும், ஆனா புது ரைஃபிள்ல இதைத் தேடிப் பிடிக்கணும், தோட்டா விலையும் கூட. ரீலோடிங் பண்றவங்களுக்கு மட்டும் சொல்லுவேன்.

நம்ம ஊர் போலீஸ்காரர் தோள்ல அந்தக் காலத்துல தொங்கும்ல, த்ரீ நாட் த்ரீ, அந்த .303 லீ என்ஃபீல்டு இங்க பண்ணைகள்ல பழசா ரொம்ப மலிவா வரும். பாசத்துல வாங்கிடாதீங்க. நல்லது ஒண்ணு ரெண்டு இருக்கும், ஆனா பேரல் தேஞ்சது, தலைமுறை தலைமுறையா யாரு யாரோ அறுத்து ஒட்டினது, ஸ்கோப் மாட்ட வசதியில்லாதது நிறைய.

கேலிபர விட குண்டு முக்கியம்னு ஒரு கட்டத்துல புரியும். வேகமான கேலிபருக்கு ஒடஞ்சு சிதறாத குண்டு வேணும், ஈயத்தையும் மேல் உறையையும் ஒட்டிச் செஞ்ச பாண்டட் வகையோ முழு செம்பு வகையோ. .308 மாதிரி மிதவேகத்துல சாதாரண சாஃப்ட் பாயிண்டே போதும், அதுலயும் காசு மிச்சம். செம்புக் குண்டுல ஈயத்துணுக்கு கறியில போகாது, அதனால சின்னப் பசங்க சாப்பிடுற வீட்டுக்கு நான் அதைத்தான் இப்ப வாங்குறேன், எது போட்டாலும் காயத்தச் சுத்தி தாராளமா வெட்டி எறிஞ்சிடுங்க.

சரி, ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன்ல இன்னைக்கு மோசமான ரைஃபிள் செய்யிறதே கஷ்டம், விலை கம்மியான ரைஃபிளே நம்மளால சுட முடியுறத விட நல்லா சுடும். இந்த நாட்டுல மலிவு விலைக்கு எல்லாரும் சொல்ற பேரு ஹோவா 1500, ஜப்பான்காரன் செய்யிறது. வெதர்பீ வேன்கார்டுன்னு கூட காசுக்கு விக்கிறாங்களே, அதோட ஆக்‌ஷனும் இந்த ஹோவா பட்டறையில இருந்துதான் வருது. ஆக்‌ஷன் கெட்டி, ட்ரிக்கர் ரெண்டு கட்டமா சுத்தமா விடும், சேஃப்டியில மூணு நிலை இருக்கு, நடு நிலையில வச்சா சேஃப்டி போட்டபடியே போல்ட்டத் தொறந்து தோட்டாவ வெளிய எடுக்கலாம், இது சின்ன விசயம் இல்ல. குறைன்னா எடை கொஞ்சம் கூட, அதுவும் உதைய வாங்கிக்கிறதால எனக்குக் குறையாத் தெரியல, காரூவுல மலையேறுறவருக்குத் தெரியும்.

அமெரிக்கா சேவேஜ் ஆக்ஸிஸ் அதைவிட மலிவு. நல்லா சுடும், அழகு கிடையாது, ப்ளாஸ்டிக் கட்டைய முன்னாடி கையால அமுக்கினா வளையும், பழைய மாடல்ல ட்ரிக்கர் கனம், ஆக்ஸிஸ் 2ல நாமளே குறைச்சுக்கலாம். ரூகர் அமெரிக்கன் 2012ல வந்தது, போல்ட்ட 70 டிகிரி தூக்கினா போதும், அதனால ஸ்கோப்ல கை இடிக்காது. ஜெர்மன் மவுசர் எம்18 கொஞ்சம் மேல விலை, வேலைப்பாடு நல்லா இருக்கும். டிக்கா டி3எக்ஸ், பின்லாந்து, இதுக்கெல்லாம் மேல, போல்ட் வெண்ணெய் மாதிரி போகும், எடையும் கம்மி, ஆனா விலை வித்தியாசத்துல ஒரு நல்ல ஸ்கோப்போட பெரும்பகுதி வந்துடும், அதனால முதல் ரைஃபிளுக்கு நான் டிக்கா சொல்றதில்ல. மவுசர் 98 மாதிரி பெரிய நகம் வச்ச எக்ஸ்ட்ராக்டர்தான் (சுட்ட கூட்டப் பிடிச்சு வெளிய இழுக்கிறது) வேணும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, எருமைக்கு நியாயம், இம்பாலாவுக்குத் தேவையில்ல.

கடையில பேர மறந்துட்டு கையில எடுங்க. காலியான்னு நீங்களே போல்ட்டத் தொறந்து பாருங்க, கடைக்காரர் பாத்துட்டாருன்னு விடாதீங்க, குனிஞ்சு சேம்பர் (பேரலுக்குள்ள தோட்டா உக்காருற இடம்), மேகசின் (தோட்டா அடுக்குற பெட்டி) ரெண்டும். அப்புறம் கண்ண மூடிக்கிட்டு தோள்ல வைங்க, கண்ணத் தொறக்கும்போது கண்ணு ஸ்கோப்புக்கு நேரா இருக்கா, இல்ல கழுத்த நீட்ட வேண்டியிருக்கா? பெரும்பாலான ரைஃபிள் ஆறடி ஆளுங்க அளவுக்குச் செய்யிறது, நம்மள்ல குள்ளமா இருக்கிறவங்களுக்குக் கட்டை நீளம் அதிகமா இருக்கும், குளிர் ஜாக்கெட் போட்டா இன்னும் மோசம், பின்னாடி ரப்பர் பேட எடுத்து கட்டைய அறுத்துக் குறைக்கலாம், சின்ன வேலைதான். அடுத்து ஒரு பத்து ராண்ட் நோட்ட மடிச்சு பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவுல விட்டு இழுங்க, தடையில்லாம ரிசீவர் கிட்ட, அதாவது பேரல் மாட்டியிருக்கிற உலோக உடம்பு வரைக்கும் போகணும், எங்கயாச்சும் சிக்கினா பேரல் கட்டையில முட்டுது, சூடாக ஆக குறி நகரும்னு அர்த்தம். கடைசியா மேகசின நாலு தடவை கழட்டி மாட்டுங்க, காட்டுல தொலையிற மொத சாமான் அதுதான், ஸ்பேர் என்ன விலைன்னு அப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

பழசு வாங்கலாமா? தாராளமா, மலிவுக்கு அதுதான் நேர்வழி, ஏன்னா நிறைய பேரு வாங்கி வருசத்துக்குப் பத்து தோட்டா கூட சுடாம விக்கிறாங்க. வெளிப்பூச்சுக் கீறல் பத்திக் கவலைப்படாதீங்க. போல்ட்ட உருவிட்டு பின்னாடி இருந்து வெளிச்சத்தப் பாத்து பேரல் உள்ள பாருங்க, வரிகள் கூரா பளபளன்னு இருக்கணும், சேம்பர் ஒட்டி சாம்பலா வெடிச்ச சேறு மாதிரி தெரிஞ்சா பேரலோட தொண்டை, அதாவது வரிகள் ஆரம்பிக்கிற இடம், தேஞ்சிருக்கு. பேரல் வாய் ஓரத்துல அடிபட்ட தடம் இருக்கான்னு நகத்தால தடவுங்க. மரக்கட்டைனா ஆக்‌ஷனுக்குப் பின்னாடி, கைப்பிடி ஆரம்பிக்கிற இடத்துல மயிரிழை விரிசல் இருக்கும், அது உதையில பிளந்தது. நம்ம டர்பன் பக்கம் ரைஃபிள்னா ஒரு சோதனை கூடுதல், கட்டையக் கழட்டி அடியில பாக்கணும், கடல் காத்து மேல ஒண்ணும் காட்டாது, கட்டைக்குள்ள மறைஞ்ச பக்கம் துரு அரிச்சிருக்கும். எனக்கு ஒரு தடவை பளிச்சுன்னு ஒரு ரைஃபிள் காட்டினாங்க, கழட்டலாமான்னு கேட்டதும் விக்கிறவரு முகம் மாறிடுச்சு, நானும் டீ குடிச்சுட்டு வந்துட்டேன். எதுவா இருந்தாலும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிட்ட ஹெட்ஸ்பேஸ் (தோட்டா சேம்பர்ல உக்காரும்போது போல்ட் முகத்தோட இருக்கிற இடைவெளி) பாக்கச் சொல்லிட்டு வாங்குங்க. இதே காரணத்துக்காக கடலோரத்துல இருக்கிறவங்க புதுசுல ஸ்டெயின்லெஸ்ஸோ துருப்பிடிக்காத செராகோட் பூச்சு பூசினதோ கிடைச்சா கொஞ்சம் காசு கூட குடுக்கலாம், சேஃப்குள்ள சிலிகா ஜெல் போட்டு வைங்க, மாசம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால துடைங்க.

பணம் பிரிக்கிற விசயத்துக்கு வர்றேன், இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. கையில இருக்கிறத மூணா பிரிங்க. ரைஃபிளுக்குப் பாதிக்கு மேல போகக் கூடாது. மீதியில பெரும்பங்கு ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கிற ரிங்குக்கும், கடைசிப் பங்கு பழகுறதுக்கான தோட்டாவுக்கு. விடிகாலையிலயும் பொழுது சாயும்போதும்தான் மான் வெளிய வரும், அந்த மங்கல்ல மலிவு ஸ்கோப் வழியா பாத்தா சாம்பல் புதர் மட்டும்தான் தெரியும், பக்கத்துல நிக்கிறவன் நல்ல ஸ்கோப்ல கொம்ப எண்ணிக்கிட்டு இருப்பான். 3-9x40, அதாவது 3ல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டுற, 40 மில்லிமீட்டர் கண்ணாடி வச்சது போதும், பெருசு வேண்டாம், முள்ளுக்காட்டுல 3லயே வச்சுக்கோங்க, கிட்டத்துல மான் வந்தா அப்பத்தான் ஸ்கோப்ல முழுசா தெரியும். லூபோல்ட், வோர்டெக்ஸ், மெயோப்டா இதுல கீழ்நிலை மாடலே நல்லா இருக்கும், தென்னாப்பிரிக்க பிராண்டு லிங்ஸையும் பாருங்க. ரிங்குல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குறி ஓடுது, ரைஃபிள் சரியில்லன்னு அழுறவங்கள்ல பாதிப் பேருக்கு லூசான ரிங் ஸ்க்ரூதான் நோய்.

சைலன்சர் இங்க தனி லைசென்ஸ் இல்லாம வாங்கலாம், பண்ணைகள்ல இப்ப எல்லாரும் போடுறாங்க, சத்தத்தோட உதையும் குறையும், ஃபிளின்ச் உள்ளவனுக்கு மருந்து மாதிரி. அதனால ரைஃபிள் வாங்கும்போதே பேரல் வாயில அதைத் திருகி மாட்ட த்ரெட் (மரை) இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி பின்னாடி வெட்டக் காசு. போட்டாலும் ரேஞ்சுல காதடைப்பான் கழட்டக் கூடாது.

லைசென்ஸுக்குக் காத்திருக்கிற மாசங்கள்ல சும்மா இருக்காதீங்க. சங்கத்துல சேந்தா ரேஞ்சுல ஆபீசர் மேற்பார்வையில அவங்க .22 வச்சு சுட விடுவாங்க, தோட்டா சல்லிசு, உதையே இல்ல, மூச்ச விட்டு ட்ரிக்கர மெதுவா அமுத்துறது அதுலதான் படியும். உங்க ரைஃபிள் வந்ததும் மேசையில மண்மூட்டை வச்சு குறி செட் பண்ணுங்க, .308 150 க்ரெயினுக்கு 100 மீட்டர்ல 5 சென்டிமீட்டர் மேல படுற மாதிரி வச்சீங்கன்னா 200 வரைக்கும் நேரா வச்சே சுடலாம், அதுக்கு மேல முதல் ரெண்டு வருசம் சுடவே வேண்டாம். செட் ஆனதும் மேசையை மறந்துடுங்க. இங்க வேட்டையில மூணு கால் குச்சியில வச்சு நின்னுக்கிட்டுத்தான் சுடணும், அதையே பழகுங்க, 100 மீட்டர்ல ஒரு சாப்பாட்டுத் தட்டுல அஞ்சுக்கு அஞ்சு விழுற வரைக்கும் வேட்டைக்கு நாள் குறிக்காதீங்க. வீட்டுல தோட்டா வேற ரூம்ல பூட்டி வச்சுட்டு, காலி ரைஃபிள்னு ரெண்டு தடவை பாத்துட்டு, வெறும் ட்ரிக்கர் பழகலாம், காசே இல்லாத பயிற்சி அது.

ஆப்பிரிக்க மானுக்கு இதயம் நம்ம நினைக்கிறதவிட முன்னாடி, கீழ இருக்கும். பக்கவாட்டுல நிக்கும்போது முன்னங்கால் கோட்ட அப்படியே மேல பிடிச்சு, உடம்புல மூணுல ஒரு பங்கு உயரத்துல குறி வைங்க. தோள் கறி கொஞ்சம் போகும், போகட்டும், மான் அங்கயே விழும்.

கிளம்பும்போது ரைஃபிள் முழுசா மூடின பையில, காலியா, உங்க கைக்கெட்டுற இடத்துல இருக்கணும், வழியில பன்னி சௌ (ரொட்டிக்குள்ள குழம்பு ஊத்தின டர்பன் சாப்பாடு) வாங்க இறங்கினா பக்கியில விட்டுட்டுப் போகக் கூடாது (பக்கின்னா பின்னாடி தொட்டி வச்ச பிக்கப் வண்டி, யாரையும் திட்டல). லைசென்ஸ் கார்டு கையில, பண்ணைக்காரர் எழுதிக் குடுத்த அனுமதி கையில. புக் பண்ணும்போதே விலைப்பட்டியல் கேட்டுக்கோங்க, அடிச்சுக் காயப்பட்டு கிடைக்காம போனாலும் முழு விலை வாங்குவாங்க, உரிக்கிறதுக்கும் குளிர் ரூமுக்கும் தனிக் காசு இருக்கலாம். ஜூன், ஜூலையில போங்க, ஆகஸ்டு கடைசியில போனீங்கன்னா கறி ஃப்ரீசர்ல இருக்கும்போதே புரட்டாசி வந்து நிக்கும், போன தடவை அப்படி ஆகி, பில்டாங்குக்கு வறுத்து இடிச்ச கொத்தமல்லி வாசனைய மட்டும் ஒரு மாசம் மோந்துக்கிட்டு இருந்தேன்.

பண்ணையில இறங்கினதும் ஒரு அட்டையில ஒரு தோட்டா சுடச் சொல்லுவாங்க. அவமானமா நினைக்காதீங்க, நீங்களே கேட்டுச் சுடுங்க, மண் ரோட்டுல நாலு மணி நேரம் குலுங்கி வந்த ஸ்கோப் அது. குறி தள்ளிப் போச்சுன்னா வேட்டைய நிறுத்திட்டு, ரிங் ஸ்க்ரூவ இறுக்கி, மறுபடி செட் பண்ணுங்க. அதுக்காகவே பையில பத்து தோட்டா கூடுதலாவும் ஸ்க்ரூவுக்குப் பொருந்துற சாவி ஒண்ணும் எப்பவும் இருக்கணும்.